இணையப் பாதுகாப்பும் இணையதள வடிவமைப்பும் ஒரே பாடமாக: எட்டு வார வழிகாட்டி

முன்பெல்லாம் இணையப் பாதுகாப்பை நானும் கரும்பலகையில் பத்து விதிகளாக எழுதிப் போட்டுத்தான் நடத்தினேன். தெரியாத லிங்கைத் தொடாதே, ஓடிபி சொல்லாதே, பாஸ்வேர்டு கொடுக்காதே. பிள்ளைகள் அழகாக ஒப்பித்தார்கள். அதே வாரம் ‘இலவச ரீசார்ஜ்’ என்று வந்த ஒரு லிங்க் வகுப்பு முழுக்கச் சுற்றியது. கேட்டால், “தெரிஞ்ச பையன்தான் சார் அனுப்பினான்” என்றார்கள். விதிப்படி அவர்கள் சொன்னது சரிதான்!

அந்தச் சமயம் அதே வகுப்புக்கு, இணையப் பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல் நடத்திக்கொண்டிருந்தேன். லிங்க் போடும் பாடத்தன்று ஒரு மாணவி ‘கிரிக்கெட் ஸ்கோர்’ என்று எழுதி, அதைத் தொட்டால் ‘நீ ஒரு லூசு’ என்ற பக்கம் திறக்கும்படி செய்துவைத்தாள். பெஞ்சு பெஞ்சாக எல்லாரும் போய் மாட்டினார்கள். மறுநாள் ஒரு பையன் வந்து, “அந்த ரீசார்ஜ் லிங்கும் இப்படித்தானா சார்?” என்று கேட்டான். என் பத்து விதியால் ஆகாத காரியம் அது. அதிலிருந்து இரண்டையும் தனித்தனியாக நடத்துவதில்லை. பக்கம் கட்டக் கற்றுக்கொடுப்பேன். ஏமாற்று எப்படி நடக்கிறது என்பது கட்டும்போதே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை இது சரிப்படும். வாரம் ஒரு பீரியட், 45 நிமிடம் போதும்.

தொடங்கும் முன்

தேவை: நோட்பேட், ஏதாவது ஒரு பிரவுசர், ஒரு பென் டிரைவ். கடைசி வாரம் வரை இணைய இணைப்பே வேண்டாம். லேபில் நெட் வராத நாளை எண்ணி அலுத்துக்கொண்டவர்களுக்கு இது நிம்மதி. பாதுகாப்புக்கும் இதுதான் நல்லது, பிள்ளைகள் செய்வது எதுவும் கணினியை விட்டு வெளியே போகாது.

எங்கள் லேபில் பத்து கணினி, நாற்பது பிள்ளைகள். நான்கு பேர் ஒரு குழு: ஒருவர் தட்டுவார், ஒருவர் சொல்லுவார், இருவர் பிழை பார்ப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். இதில் மட்டும் கறாராக இருங்கள். விட்டால் கீபோர்டு வீட்டில் கணினி வைத்திருக்கும் பையனிடமே கடைசிவரை இருக்கும்.

இன்னொன்று: பக்கத்தில் இது தலைப்பு, இது பத்தி, இது படம் என்று பிரவுசருக்குச் சொல்லும் குறிகள்தான் டேக். அவற்றின் பெயர்களை இங்கே தமிழில் ஒலிப்பாக எழுதுகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

முதல் வாரம்: கணினியைத் தொடாமல்

ஆளுக்கொரு தாள் கொடுத்து, எதைப் பற்றி இணையதளம் செய்யலாம் என்று வரையச் சொல்லுங்கள். ஊர்ச் சந்தை, ஏரி, தேர்த் திருவிழா, பாட்டியின் ஊறுகாய், எதுவானாலும் சரி. ‘என்னைப் பற்றி’ என்ற தலைப்பை மட்டும் கொடுக்காதீர்கள். முதல் பயிற்சியாகப் பெயர், பிறந்த தேதி, பள்ளி, அப்பா பெயர், புகைப்படம் என்று ஒரு பக்கம் செய்யச் சொல்வது பல இடங்களில் வழக்கம். முன்பின் தெரியாத ஒருவன் பிள்ளையைப் பற்றித் தேடி அலைய வேண்டிய அத்தனையையும் நாமே தட்டில் வைத்து நீட்டுவதுபோல அது.

அடுத்து அதே தாளின் பின்பக்கம் மூன்று கட்டம். டீக்கடைச் சுவரில் ஒட்டக்கூடியது, வீட்டாருக்கும் நெருங்கியவர்களுக்கும் மட்டும், யாருக்கும் இல்லை. செல்பேசி எண், பிடித்த நடிகர், தெருப் பெயர், பள்ளிப் பேருந்து எண், பிறந்த தேதி என்று நீங்கள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர்கள் எந்தக் கட்டம் என்று எழுத வேண்டும்.

பிறந்த தேதியில்தான் சண்டை வரும். “பர்த்டேக்கு எல்லாரும் ஸ்டேட்டஸ் வைக்கிறாங்களே சார்?” அப்போது, பொதுத்தேர்வு முடிவு பார்க்க என்னென்ன கேட்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். பதிவெண்ணும் பிறந்த தேதியும். ஹால் டிக்கெட்டைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். அதோடு பிறந்த தேதியையே பாஸ்வேர்டாக வைத்திருப்பவர்கள் கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். மனதுக்குள் எண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள், போதும். முகத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் வாரம்: முதல் ஃபைல்

நோட்பேடைத் திறந்து எலும்புக்கூட்டை எழுத வேண்டும். ஹெச்டிஎம்எல் என்ற பெரிய டேக், அதற்குள் ஹெட், பாடி. ஹெட்டுக்குள் டைட்டில். பாடிக்குள் தலைப்புக்கு ஹெச்1, பத்திக்கு பி. முதல் நாளுக்கு இது போதும். உலகின் முதல் இணையதளத்தில்கூட இதற்கு மேல் பெரிதாக எதுவும் கிடையாது. 1991ல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ போட்ட பக்கம், வெறும் எழுத்தும் லிங்கும்தான். 2013ல் அதே முகவரியில் அதைத் திரும்ப வைத்திருக்கிறார்கள். லேபில் நெட் இருக்கும் நாளில் காட்டுங்கள். “இவ்வளவுதானா?” என்பார்கள். அந்த ‘இவ்வளவுதானா’ நமக்குத் தேவை.

தமிழில் எழுதும்போது இரண்டு இடத்தில் சிக்கும். ஒன்று, எழுத்து எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் பக்கத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பைதான் வரும். இரண்டு, ஃபைலை யூனிகோடுக்கான சேமிப்பு வகையான யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, ஹெட்டுக்குள் மெட்டா டேகில் சார்செட் என்று அதையே குறிப்பிட வேண்டும். பழைய விண்டோஸ் நோட்பேடு தானாக ‘ஆன்சி’ என்ற வகையில் சேமிக்கும். திரும்பத் திறந்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக நிற்கும், ஒரு பீரியட் உழைப்பு போய்விடும். ஹெச்டிஎம்எல் டேகில் மொழி ‘டிஏ’ என்று குறிப்பிடுவதையும் இப்போதே பழக்கிவிடுங்கள். திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கும்.

சேமிக்கும்போது பெயர் இன்டெக்ஸ் டாட் ஹெச்டிஎம்எல். வகை என்ற இடத்தில் ‘எல்லா ஃபைல்களும்’ என்று மாற்றாவிட்டால் நோட்பேடு பின்னால் ஒரு டாட் டிஎக்ஸ்டி சேர்த்துவிடும். விண்டோஸ் அந்த வாலை மறைத்து வைப்பதால் கண்ணுக்கும் தெரியாது. நாற்பதில் இருபது பேராவது இதில் மாட்டுவார்கள். மாட்டட்டும். ஃபோல்டரில் ஃபைலின் முழுப் பெயரைக் காட்டும் வசதியை அப்போது இயக்கி, மறைந்திருந்த வாலைக் காட்டுங்கள்.

பாதுகாப்புப் பாடமும் அந்த வாலில்தான் இருக்கிறது. ஒரு ஃபைல் என்ன செய்யும் என்பதைப் பெயரின் கடைசித் துண்டைப் பார்த்துத்தான் கணினி முடிவு செய்கிறது, நாம் வைக்கும் பெயரைப் பார்த்து அல்ல. வாட்ஸ்அப்பில் ‘கல்யாணப் பத்திரிகை’ என்று வந்து, கடைசியில் டாட் ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை, செயலி. நிறுவினால் போனுக்கு வரும் ஓடிபியையே படித்து எடுத்துக்கொண்டு போகக்கூடியது. பத்திரிகை என்றால் படமாகவோ வீடியோவாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். இதை வீட்டில் போய்ச் சொல்லும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். அம்மா அப்பாவுக்கு அவர்கள்தான் நல்ல வாத்தியார்.

மூன்றாம் வாரம்: லிங்க்

இந்தப் பாடத்தை அவசரப்படுத்தாதீர்கள். தேவைப்பட்டால் இரண்டு பீரியட் எடுத்துக்கொள்ளுங்கள்.

லிங்க் போடும் டேக் ‘ஏ’. அதில் இரண்டு பகுதி. எங்கே போக வேண்டும் என்ற முகவரி, ஹெச்ரெஃப் என்பதற்கு நேராக மேற்கோளுக்குள் போகும். கண்ணுக்குத் தெரிய வேண்டிய எழுத்து, டேகைத் திறந்து மூடுவதற்கு நடுவில் வரும். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க வேண்டியதில்லை. இதை வாயால் சொல்லாமல் செய்ய விடுங்கள். ஒவ்வொரு குழுவும் இரண்டு பக்கம் செய்து, முதல் பக்கத்தில் ‘சந்தை’ என்று எழுதி, தொட்டால் ‘ஏரி’ திறக்கும்படி வைக்கட்டும். அடுத்த குழு வந்து தொட்டுப் பார்க்கட்டும்.

சிரித்து முடித்ததும், தொடாமலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று கேளுங்கள். கணினியில் லிங்க் மேல் மவுஸை வைத்தால் கீழே இடது மூலையில் உண்மையான முகவரி தெரியும். போனில் லிங்கை அழுத்திப் பிடித்தால் தெரியும்.

முகவரி தெரிந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கத் தெரிய வேண்டும். நான் தபால் உறையை வைத்துச் சொல்லுவேன். தபால் பிரிப்பவர் முதலில் பார்ப்பது கடைசி வரியை: மாவட்டம், பின்கோடு. வீட்டுப் பெயரெல்லாம் அப்புறம்தான். இணைய முகவரியும் அப்படித்தான். இரட்டைச் சாய்கோட்டுக்கு அடுத்துத் தொடங்கி, முதல் ஒற்றைச் சாய்கோடு வரை எடுத்துக்கொண்டு, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ‘டிஎன் டாட் ஜிஓவி டாட் இன் டாட் உதவித்தொகை டாட் எக்ஸ்ஒய்இசட்’ என்று ஒரு முகவரி வந்தால், அது அரசுடையது இல்லை. ‘உதவித்தொகை டாட் எக்ஸ்ஒய்இசட்’ என்ற பெயரை வாங்கி வைத்திருக்கும் யாரோ ஒருவருடையது. முன்னால் எதை வேண்டுமானாலும் அவர் எழுதிக்கொள்ளலாம். ஒரு வீட்டு வாசலில் ‘கலெக்டர் ஆபீஸ்’ என்று போர்டு மாட்டினால் அது கலெக்டர் ஆபீஸ் ஆகிவிடுமா? இந்திய அரசுத் தளங்களுக்கான ஜிஓவி டாட் இன் கடைசியில் இருக்க வேண்டும். அந்த ஈறு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும்.

பலகையில் பத்து முகவரி எழுதி, ஒவ்வொன்றின் சொந்தக்காரர் யார் என்று வட்டமிடச் சொல்லுங்கள். இதையே தேர்வாகவும் வைக்கலாம். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று யாராவது கட்டாயம் சொல்லுவார்கள். பூட்டு சொல்வது, வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டும்தான். எதிர்முனையில் உட்கார்ந்திருப்பவன் திருடனா என்று அது சொல்லாது. இந்தக் குழப்பத்தால்தான் 2023ல் குரோம் பிரவுசர் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது.

நான்காம் வாரம்: படம்

படம் போட ஐஎம்ஜி டேக். எஸ்ஆர்சி-யில் ஃபைல் பெயர், ஆல்ட்-இல் படம் என்ன என்று ஒரு வரி. ஆல்ட் வரியைக் கண்ணை மூடிக்கொண்டு இன்னொருவர் வாசிக்கக் கேட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ‘படம் 1’ என்று எழுதியவர்கள் தாங்களே மாற்றிவிடுவார்கள்.

ஃபைல் பெயரெல்லாம் சிறிய ஆங்கில எழுத்து, இடைவெளி கூடாது. பெரிய எழுத்தைச் சின்னதாக எழுதினாலும் விண்டோஸ் கண்டுகொள்ளாது. ஆனால் இணையத்தில் ஏற்றியதும் படம் காணாமல் போகும். இணையதளங்களை வைத்திருக்கும் கணினிகளான சர்வர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. போனில் எடுத்த படம் சாதாரணமாக சில எம்பி இருக்கும். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்தால் 200 கேபி அளவில் வந்துவிடும்.

கூகுளில் எடுத்த படம் வேண்டாம். சொந்தமாக எடுத்தது, அல்லது இலவசப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் எடுத்து, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் கீழே போட்டது.

இப்போது அந்தச் சொந்தப் படத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சந்தைப் படம் ஒன்றை வலது கிளிக் செய்து விவரங்களைத் திறந்தால், எடுத்த நேரம், போன் மாடல், இடத்தைப் பதியும் வசதி இயங்கியிருந்தால் அட்சரேகை தீர்க்கரேகை வரை வரும். வீட்டு வாசலில் எடுத்த படத்திலும் இதே விவரம் இருக்கும் என்று சொன்னால் சத்தம் அடங்கிவிடும். நீங்கள் உங்கள் வீட்டுப் படத்தைக் காட்டாதீர்கள், ஏதாவது பொது இடத்தில் எடுத்து வாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த விவரம் நீங்கிவிடும். டாகுமென்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

மறைந்திருப்பதை நீக்கிவிடலாம். படத்திலேயே தெரிவதை என்ன செய்வது? ஒருமுறை ஒரு குழு கொண்டுவந்த ஏரிக்கரைப் படத்தை வகுப்பே சேர்ந்து துப்பறிந்தது. சீருடை, அடையாள அட்டைக் கயிற்றின் நிறம், பின்னால் மினி பஸ்ஸின் பலகை. மூன்று நிமிடத்தில் பள்ளி எது, அந்தப் பெண் எந்த வண்டியில் வீட்டுக்குப் போகிறாள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் குழு மறுநாள் ஏரியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தது. ஆளே இல்லாததால் உண்மையில் அதுதான் நல்ல படமாகவும் இருந்தது.

ஐந்தாம் வாரம்: படிவம்

எனக்கு மிகப் பிடித்த பீரியட் இதுதான். ‘சந்தை நண்பர்கள் சங்கத்தில் சேருங்கள்’ என்று ஒரு படிவம். ஃபார்ம் டேக், அதற்குள் பெயருக்கு ஓர் இன்புட், பாஸ்வேர்டுக்கு ஓர் இன்புட், ஒரு பட்டன். ஒவ்வொரு இன்புட்டுக்கும் நேம் என்று ஒரு பெயர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் போகாது. ஃபார்மின் மெத்தட், அதாவது அனுப்பும் முறை, ‘கெட்’. பாஸ்வேர்டு வகை இன்புட்டில் தட்டினால் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

தட்டும் முன், கற்பனைப் பாஸ்வேர்டுதான் போட வேண்டும் என்று மூன்று முறை சொல்லுங்கள். முதல் வருடம் நான் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. ஒரு பையன் தன் சொந்தப் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டான்.

பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். மேலே முகவரிப் பெட்டியில், கேள்விக்குறிக்குப் பின்னால், புள்ளியாகத் தெரிந்த பாஸ்வேர்டு அட்சரம் பிசகாமல் நிற்கும். அந்தப் பையனின் பாஸ்வேர்டைப் பெஞ்சே வாசித்தது! (அவனோடு சேர்ந்து உட்கார்ந்து அன்றைக்கே மாற்றினோம்.) புள்ளி, பக்கத்தில் எட்டிப் பார்ப்பவருக்குத்தான். படிவத்தைக் கட்டியவருக்கு அது திறந்த புத்தகம். உண்மையான தளங்கள் முகவரிப் பெட்டியில் காட்டாத ‘போஸ்ட்’ முறையில் அனுப்பும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆனால் அங்கேயும் தட்டியது தளத்துக்காரரிடம்தான் போகிறது.

நிஜ வங்கியின், நிஜச் செயலியின் லாகின் பக்கத்தைப் போல ஒன்றைச் செய்து காட்ட ஆசை வரும். வேண்டாம். சந்தைச் சங்கமே போதும். போலிப் பக்கம் செய்வது இவ்வளவு சுலபமா என்று அவர்களாகவே கேட்பார்கள். செய்து யாரையாவது ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம் என்பதை அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

மீதி நேரத்தில் பாஸ்வேர்டு. நீளம்தான் பலம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் போதும்: முறுக்கு, ரயில், கண்ணாடி, வெள்ளாடு என்பதுபோல. பாட்டு வரியும் பழமொழியும் கூடாது, அவை எல்லாருக்கும் தெரியும். ஒரே பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்கப் பின் வைக்க வேண்டும். பணம் வருவதற்கு யுபிஐ பின் கேட்காது, கொடுப்பதற்குத்தான் கேட்கும். இந்த ஒன்றைக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் கப்பென்று பிடித்துக்கொள்வார்கள்.

ஆறாம் வாரம்: எஃப்12

பிள்ளைகள் செய்த பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்தினால் உள்ளே இருக்கும் ஹெச்டிஎம்எல் தெரியும். ‘தக்காளி கிலோ 40 ரூபாய்’ என்ற வரியை இரண்டு முறை கிளிக் செய்து 4 ரூபாய் ஆக்குங்கள். பக்கத்தில் உடனே மாறும். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பக்கத்தைப் புதுப்பித்தால் பழையபடி 40.

இணையத்தில் எதுவும் மாறவில்லை, நம் திரையில்தான் மாறியது. ஆனால் ஸ்கிரீன்ஷாட் நம் கையில் இருக்கிறது. இனி ‘பேப்பர்ல வந்திருக்கு பாரு’ என்று வரும் படத்தையும், “பணம் அனுப்பிட்டேன், ஸ்கிரீன்ஷாட் பாருங்க” என்பவரையும் என்ன செய்வது? ஒரு பையன் சொன்னான்: “எங்கப்பா கடையில ஸ்பீக்கர் பெட்டி சத்தம் கொடுத்தாத்தான் டீ.” அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

ஏழாம் வாரம்: அழகு

பக்கத்தின் நிறம், எழுத்துரு, இடைவெளியை அமைக்கும் சிஎஸ்எஸ்-க்கு நிறைய நேரம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. கொடுத்தால் சிவப்புப் பின்னணியில் நீல எழுத்துதான் வரும். இரண்டு நிறம், ஒரு எழுத்துரு, போதுமான இடைவெளி. தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் இருப்பதால் வரி உயரத்தை 1.7 அளவுக்கு வைத்தால் நெருக்கடி இல்லாமல் இருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது. ஹெட்டுக்குள் வியூபோர்ட் மெட்டா டேகை மறக்கக் கூடாது, அது இல்லாவிட்டால் போனில் பக்கம் எறும்பு அளவுக்குத் தெரியும். எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, திரையின் வெளிச்சத்தைக் குறைத்து மூன்றடி தள்ளி நின்று படிக்கச் சொல்லுங்கள்.

எட்டாம் வாரம்: வெளியே விடுவது

எல்லாவற்றையும் வெளியிட வேண்டும் என்று இல்லை. பென் டிரைவில் எடுத்துப்போய் ஆண்டு விழாவில் திரையிட்டாலே பிள்ளைகளுக்குத் திருப்தி. வெளியிடுவதானால், ஏற்றும் இடத்தில் தொடங்கும் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். கிட்ஹப், நியோசிட்டீஸ் போன்ற இடங்களில் இலவசமாக ஏற்றலாம். ஆனால் பெரும்பாலான சேவைகள் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கணக்குத் தருவதில்லை. 2023ல் நிறைவேறிய இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயது வரை குழந்தை என்கிறது, அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆகவே தலைமையாசிரியரிடம் அனுமதி, பெற்றோரிடம் கையெழுத்து, பக்கத்தில் பிள்ளைகளின் முழுப் பெயர் இல்லாமல் குழுப் பெயர்.

ஏற்றும் முன் ஒவ்வொரு குழுவும் இன்னொரு குழுவின் தளத்தை, முதல் வாரத்து மூன்று கட்டத் தாளை வைத்துக்கொண்டு தணிக்கை செய்யட்டும். ஒரு தகவல் தவறான கட்டத்திலிருந்து வந்திருந்தால், தணிக்கை செய்யும் குழு கையெழுத்துப் போடக் கூடாது. என்னைவிட அவர்கள் கண்டிப்பானவர்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்

இந்தப் பாடங்களின் நடுவில், ஏதோ ஒரு வாரம், ஒரு பிள்ளை வகுப்பு முடிந்தும் போகாமல் நிற்கும். அதற்குத் தயாராக இருங்கள். “ஏன் கொடுத்தே?” என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் அந்தப் பிள்ளை மட்டும் இல்லை, பின்னால் வர இருந்த மூன்று பேரும் வர மாட்டார்கள்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் கொடுக்கலாம். யாராவது மிரட்டினால் பதில் அனுப்பவும் வேண்டாம், பணம் கொடுக்கவும் வேண்டாம், உரையாடலை அழிக்கவும் வேண்டாம். அது சாட்சி. ஆனால் பிள்ளையின் அந்தரங்கப் படம் என்றால் அதை நீங்கள் உங்கள் போனுக்கு வாங்கிக்கொள்ளக் கூடாது. நல்லெண்ணத்தில் செய்தாலும் சட்டப்படி அது சிக்கல். எங்கே, எந்தக் கணக்கில், எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 இரவு பகல் எந்நேரமும் இயங்கும். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும் போகும், அதை வைத்துச் சேவையில் சேர்ந்திருக்கும் தளங்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

இரண்டு எண்களையும் லேப் சுவரில் ஒட்டுவதைவிட, பிள்ளைகள் செய்த ஒவ்வொரு தளத்தின் அடியிலும் போடச் சொல்கிறேன். கடந்த வருடத் தளங்களில் தக்காளி விலைக்குக் கீழே, சின்ன எழுத்தில், 1930, 1098 என்று இருக்கும்.